இரண்டாம் நாள், பிற்பகல் அமர்வு

கொடைக்கானலில் மூன்று நாள்
தலைமைப் பண்புப் பயிற்சி.
கழுத்தில் நீலப் பட்டையில் தொங்கியது அட்டை:
தமயந்தி, வனச்சரகர்.
சாப்பாட்டுக்கு சைவம் என்று
அதிலேயே ஒரு பச்சைப் புள்ளி.

இருபத்திரண்டு பேர்.
மீன்வளம், மண்வளம், நீர்வளம்,
எல்லா வளத்துக்கும்
ஒரே நிறத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.
சன்னலுக்கு வெளியே ஏரி இருப்பதாகச் சொன்னார்கள்.
மூன்று நாளும் அங்கே பனிதான் இருந்தது.

முதல் நாள்
கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தோம்.
பிடித்துக்கொள்வார்கள் என்று நம்ப வேண்டுமாம்.
நீர்வளத்துறை இர்ஃபான் பிடித்துக்கொண்டார்.
என் எடைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.
"தலைவர் என்பவர் முதலில் கேட்பவர்"
பலகையில் எழுதி அடிக்கோடிட்டார் பயிற்றுநர்.
நாங்களும் எழுதி அடிக்கோடிட்டோம்.
மண்வளப் பாதுகாப்பு மட்டும்
ஸ்கேல் வைத்து.

இரண்டாம் நாள், சாம்பார் சாதத்துக்குப் பிறகு
தூக்கம் வரும் என்பதால்
நாடகம்.
சீட்டுக் குலுக்கியதில்
மீன்வள ஆய்வாளர் ஜெபசீலனுக்கு வனச்சரகர் வேடம்.
எனக்கு
"விறகு சுமக்கும் பெண், வயது நாற்பது."

பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.
யோசிக்கவே இல்லை,
அழகுநாச்சி என்றேன்.

போன மாதம் மன்னவனூர்ச் சரிவில்
நான் நிறுத்திய பெண்.
தலையில் வாட்டில் கட்டு.
வெள்ளைக்காரன் நட்டு, பிறகு நாங்களும் நட்டு,
புல்வெளியைத் தின்று தீர்த்த மரம்.
வேரோடு அகற்ற வேண்டும் என்று
நான் கையெழுத்திட்ட அறிக்கை
மேலே எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது.
ஐநூறு ரூபாய். ரசீது கொடுத்தேன்.
ஒன்றும் பேசவில்லை அவள்.
ரசீதை நான்காய் மடித்துச்
சும்மாட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

ஜெபசீலன் நன்றாகவே நடித்தார்.
மேசையைத் தட்டினார். பிரிவு எண் சொன்னார்.
எண் தப்பு,
குரல் சரியாக இருந்தது.
அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறேன்.

வாயைத் திறந்தேன்.
"வேணாம்னு நீங்களே சொல்ற மரம் சார்.
டெண்டர் விட்டா லாரி வரும்,
லாரிக்கு ரோடு வரும்,
ரோட்டுக்கு இன்னும் கொஞ்சம் புல்லு போகும்.
என் தலைக்கு எந்த ரோடு வேணும்?
நாளைக்கு ஒரு கட்டு.
வருசத்துக்கு எத்தனை மரம்னு நீங்களே கணக்குப் போடுங்க.
அபராதம் கட்டியாச்சு, சரி.
கூலி எப்ப தருவீங்க?"

கைதட்டினார்கள்.
ஜெபசீலன் வேடத்தைக் கலைத்துவிட்டு
"அதானே" என்றார்.
சிறந்த பங்கேற்பாளர் என்று
எனக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார்கள்.
அதில் வரையாட்டின் படம்,
கொம்பு மட்டும் மானுடையது.

இரவு அறையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை.
இரண்டு கம்பளிக்குள் கிடந்து யோசித்தேன்.
அவள் பேசியிருந்தால்
இப்படித்தான் பேசியிருப்பாளா?
எனக்கெப்படித் தெரியும்.
பேசியது நான்.
டெண்டர் விட்டுப் பழகியவளின் கணக்கு அது.
அவளுடைய கணக்கு வேறாக இருக்கலாம்.
அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்பதாக,
அல்லது என்னைப் பற்றி
ஒரே ஒரு கெட்ட வார்த்தையாக.

மூன்றாம் நாள் செயல்திட்டம்.
திரும்பிப் போனதும் செய்யப்போகும் மூன்று காரியங்கள்.
இர்ஃபான் ஐந்து எழுதினார்.
நான் ஒன்றை எழுதி, அடித்து,
அதையே மறுபடி எழுதினேன்.

சான்றிதழ். குழுப் புகைப்படம்.
பின்வரிசையில் நிற்பவர்கள்
பனியில் யாரென்று தெரியாது.

ஜீப் பூம்பாறையைத் தாண்டும்போது
ஓட்டுநர் பால்சிங் கேட்டார்,
"பயிற்சியில என்ன மேடம் சொல்லிக்குடுத்தாங்க?"
"கேக்கச் சொன்னாங்க."
"யார்கிட்ட?"

அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
வாட்டில் பூத்திருந்தது,
வெளிறிய மஞ்சளில், வெட்கமே இல்லாமல்.
கட்டோடு வந்துகொண்டிருந்த மூன்று பெண்கள்
சீருடையைக் கண்டதும்
சாலையை விட்டுச் சரிவில் இறங்கினார்கள்.
"நில்லுங்க" என்று சொல்ல வந்து
அந்தக் குரலை விழுங்கினேன்.
வேறு குரல் உடனே வரவில்லை.

கையில் கோப்பையோடு நின்றேன்.
சருகுச் சத்தம் மட்டும்
கீழே, கீழே
போய்க்கொண்டே இருந்தது.